மாரி வாசலில் வந்து நின்ற பேலட்டுகள்

கப்பலேறிப் போன பேலட்டுகள் தாமாகவே ஊர் திரும்ப ஆரம்பித்த அந்த மே மாதத்துக்கு முன்னால், தூத்துக்குடி பைபாஸ் ரோட்டில் இருக்கிற எங்கள் பேலட் கம்பெனியில் என்னைவிட நன்றாக ஆணி அடிக்கிற ஆள் கிடையாது; அவை திரும்ப ஆரம்பித்த பிறகும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிறதைக் கேட்டுவிட்டு யாரும் லூர்தம்மாளுக்குத் தொழில் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. எனக்குப் பொறாமை உண்டு, வாய் உண்டு, கோபம் உண்டு. தொழில் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

பேலட் என்றால் துறைமுகத்துக்காரர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கப்பலில் போகிற சரக்குக்கு அடியில் கிடக்கிற மரத்தட்டுதான் பேலட். மேலே ஏழு பலகை, கீழே மூன்று பலகை, நடுவே ஒன்பது கட்டை. அந்தக் கட்டைகளுக்கு இடையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி தன் இரண்டு கைகளையும் விட்டுச் சரக்கோடு தூக்கிக்கொண்டு போகும். பால் வற்றிய ரப்பர் மரங்களை மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள், ரம்பம் அவற்றைப் பலகையாகவும் கட்டையாகவும் அறுத்துத் தள்ளும், நாங்கள் இரும்பு அச்சுக்குள் கட்டைகளை வரிசையாக வைத்து, பலகையைப் பரப்பி, காற்றுக்குழாய் மாட்டிய ஆணித் துப்பாக்கியால் டப் டப் என்று அடித்து, புரட்டிப் போட்டு, மறுபக்கமும் அடித்து நிமிர்த்தினால் ஒரு பேலட். பிறகு அவற்றை அடுக்கிச் சூட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள், மரத்தின் நடு நெஞ்சு வரைக்கும் சூடு ஏறி உள்ளே இருக்கிற பூச்சி புழு எல்லாம் சாகிறவரை வைத்திருந்து வெளியே எடுத்து, கோதுமைக் கதிர் போட்ட முத்திரையைக் காய்ச்சி ஓரக் கட்டையில் அழுத்துவார்கள். அந்த முத்திரை இருந்தால்தான் வெளிநாட்டில் எங்கள் மரத்தை உள்ளே விடுவார்கள்.

ஒரு பேலட்டுக்கு எழுபத்தெட்டு ஆணி, ஒரு நாளைக்கு நான் எழுபது பேலட் அடிப்பேன், ஓர் ஆணித்தலைகூடப் பலகைக்கு மேலே துருத்தாது. எங்கள் முதலாளி தனசிங், வாங்குகிறவர்கள் பார்க்க வரும்போதெல்லாம் நான் அடித்ததில் ஒன்றை எடுத்து ஆள் உயரத்துக்குத் தூக்கி, மூலை தரையில் மோதும்படி கீழே போடச் சொல்லுவார். அது ஒரு முனகல்கூட இல்லாமல் விழுந்து கிடக்கும். "லூர்து அடிச்சா அடிச்சதுதான், நகராது" என்று அவர் வந்தவர்களிடம் சொல்லுவார், நான் கேட்காத மாதிரி அடுத்த பலகையை எடுத்து வைப்பேன்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அடித்து முடித்தவர் நடுக்கட்டையின் அடியில் பென்சிலால் தன் அடையாளத்தைப் போட வேண்டும், எங்காவது போய் உடைந்தால் யார் கை என்று தெரிவதற்காக. என் அடையாளம் நட்சத்திரம், பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் போடுகிற ஐந்து முனை நட்சத்திரம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் அதைத்தான் போட்டிருக்கிறேன், என் வீட்டுக்காரர் கஸ்பார் தோணிக்குக் கொண்டுபோகிற தூக்குவாளியில், அவர் துணிப்பையில், அவர் செருப்பின் அடியில்கூட.

கஸ்பார் ஆறு வருஷத்துக்கு முன்னால் வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிய தோணியில் மாலத்தீவுக்குப் போனார். தோணி நாற்பத்திரண்டு நாளில் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. மாலேயில் சோப்பு வாங்கி வருகிறேன் என்று இறங்கினவர் ஏறவே இல்லை, இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பாய் விரித்தோம் என்று தோணியை நடத்துகிற தண்டல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று தெருவில் சிலர் பேசினார்கள், கடல் கொண்டுபோயிற்று என்று சிலர் பேசினார்கள், நான் இரண்டையும் நம்பாமல் ஒரு நாளைக்கு எழுபது பேலட் அடித்துக்கொண்டிருந்தேன். போன பேலட் திரும்பி வராது என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும், ஒரு போக்குத்தான், போன இடத்தில் சரக்கை இறக்கிவிட்டு அதை உடைத்து எரித்துவிடுவார்கள், ஆகவே திரும்பி வராத பொருளைச் செய்கிறதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, சந்தனமாரி வருகிறவரைக்கும்.

சந்தனமாரி எங்கள் தெருவில்தான் ஒன்பது வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். மரத்தூள் கூட்ட வந்தவள், ஆள் குறைந்த ஒரு வாரத்தில் ஆணித் துப்பாக்கியைக் கையில் வாங்கினாள். நாளைக்கு நாற்பதுதான் அடிப்பாள், அதிலும் துப்பாக்கிச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வாள், பாதி ஆணி சாய்ந்து போகும், அப்புறம் சுத்தியலை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிச் சரிபண்ணுவாள். அவள் அடையாளம் ஒரு சின்ன வட்டம், அதுவும் ஒழுங்காக மூடாத வட்டம். அவள் வீட்டுக்காரர் சுடலைமணி உப்பளத்துக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார், அவள் தலையில் இருக்கிற மரத்தூளை எல்லோரும் பார்க்கத் தட்டிவிட்டு ஏற்றிக்கொண்டு போவார். யாருக்காகவும் ஒரு நாளும் காத்திருக்கத் தேவையில்லாதவள் அவள், அவளிடம்தான் எல்லாம் திரும்பி வந்தன.

முதல் பேலட் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த மாரி, அது சுவரோரம் வீட்டைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டாள், உடம்பெல்லாம் உப்புப் பூத்து, ஒரு கட்டையில் சிப்பி ஒட்டி, வாசிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு சீட்டோடு, காப்பிக்கொட்டை வாசனையோடு. அடியில் அவளுடைய மூடாத வட்டம் இருந்தது. வீட்டுக்காரர் கொண்டுவந்தார் என்று அவள் நினைத்தாள், அவள் கொண்டுவந்தாள் என்று அவர் நினைத்தார், இரண்டு பேரும் சேர்ந்து அதன்மேல் தண்ணீர் டிரம்மை வைத்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று வந்தன, அடுத்த வாரம் ஒன்பது, ஜூன் பாதியில் மாரி வீட்டிலிருந்து யாரும் பக்கவாட்டில் திரும்பாமல் தெருவுக்கு வர முடியாது என்ற நிலைமை ஆயிற்று.

அவை வருவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காவல் இருந்து பார்த்தவர்களும் உண்டு, கண் கொட்டாமல் பார்க்கும்வரை ஒன்றும் வராது, ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் இரண்டு வந்து நிற்கும். தண்ணீர் லாரி திரும்ப இடமில்லை என்று கவுன்சிலரிடம் புகார் போனது, அவர் வந்து பார்த்துவிட்டு, வருகிறது வரட்டும், ஆனால் வரிசையாக அடுக்க வேண்டும் என்று சொல்லிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துக் காலி மனையை ஒதுக்கிக் கொடுத்தார். டீக்கடைக்கு பெஞ்சு ஆனது, ஆட்டுக்குக் கொட்டில் ஆனது, மழைத்தண்ணீர் தேங்குகிற ரேஷன் கடை வாசலில் ஆறு பேலட்டைப் போட்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து சீட்டுகளைக் காட்டி, இது ராட்டர்டாம், இது மொம்பாசா, இது புசான் என்று பாடம் நடத்தினார், எங்கள் தெருப் பிள்ளைகள் அந்த வருஷம் பூகோளத்தில் நல்ல மார்க் வாங்கினார்கள்.

சுங்க இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கப்பல் இல்லாமல், கண்டெய்னர் இல்லாமல், காகிதம் இல்லாமல் வெளிநாட்டுப் பொருள் எப்படி உள்ளே வரலாம் என்று கேட்டார், மாரி வீட்டுப் பேலட் ஒன்றின்மேல் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார், கடைசியில் இவை போனவையே தவிர வந்தவை அல்ல என்று எழுதிக்கொண்டு, ஆனாலும் வெளிநாட்டுக் காற்றுப் பட்டிருப்பதால் எல்லாவற்றையும் மறுபடி சூட்டறையில் வைத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார். அப்படியே செய்தோம். முதலாளி தனசிங் முதலில் தலையில் கைவைத்தார், திரும்பி வராத பொருள் என்பதால்தான் அவர் பிழைப்பே நடக்கிறது. பிறகு யோசித்துப் பார்த்து, வந்ததை மறுபடி சுட்டு, மறுபடி முத்திரை வைத்து, மறுபடி கப்பலேற்றினார். அவையும் மறுபடி வந்தன. அவர் முகம் தெளிந்து, கம்பெனியில் இருந்த ஒரே மின்விசிறிக்குக் கீழே ஒன்பது வருஷமாக நான் நின்ற மேஜையை மாரிக்குக் கொடுத்தார்.

அதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாதது, வெளிநாட்டில் பிள்ளையோ புருஷனோ இருக்கிற பெண்கள் மாரியிடம் வந்ததுதான். சாயர்புரம், புன்னைக்காயல், மணப்பாடு என்று எங்கெங்கோ இருந்து பஸ் ஏறி வந்தார்கள், அவள் அடிக்கிற பேலட்டின் அடியில் தோஹாவில் இருக்கிறவன் பேரையும் ரியாத்தில் இருக்கிறவன் பேரையும் பென்சிலால் எழுதிவிட்டுப் போனார்கள். பேலட் திரும்பி வந்தது, ஆள் யாரும் வரவில்லை. ஆனாலும் மணப்பாட்டுக்காரி ஒருத்தி திரும்பி வந்த பலகையில் மூக்கை வைத்து, என் மகன் போடுகிற பவுடர் வாசனை அடிக்கிறது என்று அழுதாள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். நான் என் மேஜையிலிருந்து, விசிறிக் காற்று எட்டாத என் புது மேஜையிலிருந்து, இதைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். ஓர் ஆணிகூடச் சாயவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அவள் செய்கிற மாதிரியெல்லாம் செய்து பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், கடைசி ஆணியைச் சுத்தியலால் தட்டினேன், வட்டத்தை மூடாமல் விடுகிற மாதிரி நட்சத்திரத்தின் ஒரு முனையைத் திறந்து வைத்தேன். ஒன்றும் வரவில்லை. பனிமய மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி முழங்கால் போட்டபோது, கஸ்பாரைக் கொண்டுவந்து சேர் என்று கேட்கவேண்டிய வாய், ஒரே ஒரு பேலட்டை என் வாசலுக்கு அனுப்பு தாயே என்று கேட்டது. நான் செய்த மரம் ஒன்று கடல் தாண்டி என்னைத் தேடி வந்துவிட்டால், நான் கட்டிய மனுஷனும் வருவார் என்று எனக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. ஒன்றுமே வராவிட்டால் அவர் வரவே மாட்டார், அதுவும் அதே கணக்குத்தான்.

ஜூன் மாதக் கடைசியில் அந்தக் காரியத்தைச் செய்தேன். மத்தியானம் எல்லோரும் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்த நேரம், சூட்டறைக்குப் போவதற்காக அடுக்கி வைத்திருந்த மாரியின் பேலட்டுகளுக்குள் தலையை விட்டு, உப்புத்தாளால் அவள் வட்டத்தைத் தேய்த்து அழித்து, அந்த இடத்தில் என் நட்சத்திரத்தைப் போட்டேன். மூன்று நாளில் பதினொரு பேலட். அடையாளத்தைப் பார்த்துத்தானே அவை வீடு தேடுகின்றன என்று நினைத்தேன். அது எங்கள் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நினைப்பு, யார் கை என்பதைப் பென்சில் கோட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டு பழகினவர்கள் நாங்கள்.

முதல் நட்சத்திரம் பதினெட்டாம் நாள் வந்தது. மாரி வாசலுக்குத்தான் வந்தது. அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் வைத்துக்கொண்டு ஒன்பது வீடு நடந்து என் வாசலில் இறக்கினாள்.

"எக்கா, ஒங்களோடது. தப்பா எங்க வாசலுக்கு வந்துட்டு" என்றாள்.

அந்தப் பலகையில் ஆணிகள் சாய்ந்து நின்றதை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். உப்புத்தாள் தேய்த்த வெளுப்பும் அங்கேதான் இருந்தது. அவள் திரும்பிப் போகிறபோது நின்று, "ஒங்கள மாதிரி அடிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசக்கா. நான் அடிச்சது ஒண்ணுகூட ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்றாள். என்னைக் குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலையில் அந்தப் பேலட் என் வாசலில் இல்லை, அவள் வாசலில் நின்றது. அவள் மறுபடி சுமந்து வந்தாள், அது மறுபடி போயிற்று, மூன்றாம் நாளும் அப்படியே. லூர்து பேலட்டுக்கு வழி தெரியவில்லை போலிருக்கிறது என்று டீக்கடையில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்த நட்சத்திரங்களை மாரி என்னிடம் கொண்டுவரவில்லை, அடையாளம் சுவர்ப்பக்கம் போகிற மாதிரித் திருப்பி அடுக்கிவைத்தாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் தெருவில் நின்று என் கொண்டையைப் பிடித்துக் கத்தியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பத்து நட்சத்திரம் வந்தாயிற்று. மாதா கோயிலில் கொடியேறிய ஐந்தாம் நாள், திருவிழாவுக்காகக் கம்பெனிக்கு நான்கு நாள் லீவு விட்டிருந்தார்கள், நான் அடுப்பில் சோற்றுப்பானையை ஏற்றிக்கொண்டிருந்தபோது மாரி கோலமாவு ஒட்டின கையோடு ஓடிவந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, பேலட்டு மேல ஒரு ஆளு வந்திருக்காவ. ஒங்க வீட்டு போட்டோவுல இருக்கிற அண்ணன் மாதிரி இருக்கு."

நான் எப்படி அந்த ஒன்பது வீட்டைக் கடந்தேன் என்று தெரியாது. மாரி வாசலில், மாரியின் வீட்டைப் பார்த்தபடி, பளபளக்கிற பட்டை வைத்த ஆரஞ்சு நிறச் சட்டையோடு, புருவத்திலெல்லாம் உப்புப் பூத்து, பாதி நரைத்த தாடியோடு கஸ்பார் பேலட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தெருவே கூடி நின்றது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, பேலட் வருகிற தெருவில் ஆள் வர எவ்வளவு நேரம் என்பது போலத்தான் நின்றார்கள், சுடலைமணி அவருக்கு டீ கொடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கஸ்பார் எழுந்திருக்கவில்லை, குனிந்து நடுக்கட்டையைத் தடவினார்.

"ஏளா லூர்து, ஒன் நட்சத்திரத்த நான் எத்தன ஊர்ல பாத்தேன் தெரியுமா" என்றார்.

மாலேயில் ஓர் ஏஜென்ட் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வேறு கப்பலில் ஏற்றிவிட்டானாம், அந்தக் கப்பல் போன துறைமுகத்தில் இறக்கி ஒரு கோடவுனில் சரக்கு அடுக்கப் போட்டானாம், அங்கிருந்து இன்னொரு கோடவுன், அங்கிருந்து இன்னொன்று. போன இடத்திலெல்லாம் என் பேலட் இருந்திருக்கிறது. சரக்கை இறக்கியதும் அவர் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பாராம், நட்சத்திரம் இருந்தால் அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முழுக்க அதன்மேலேயே உட்கார்ந்திருப்பாராம், கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக்குப் போ என்று அதனிடம் சொல்லிக்கொண்டு.

"ஆறு வருஷமா ஒக்காந்தேன். ஒண்ணுகூட அசையல. இது ஒண்ணுதான் என்னயக் கொண்டாந்துச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாரியைப் பார்த்தேன். அவள் தண்ணீர் வாளியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள், அது யார் கை என்று அவள் வாயிலிருந்து வரவில்லை. என் வாயிலிருந்தும் வரவில்லை. ஆறு வருஷமாக என் மரம் உலகம் முழுக்க அவரைத் தேடிப் போயிருக்கிறது, அவரைக் கண்டும் பிடித்திருக்கிறது, கண்டுபிடித்து அங்கேயே கிடந்திருக்கிறது. நேற்று வந்தவள் சாய்த்து அடித்த ஆணிதான் அவரைத் தூக்கிவந்தது. புருஷன் கிடைத்த அந்த நிமிஷத்தில்கூட என் வயிறு எரிந்தது, மாதாவுக்குத் தெரியும்.

கஸ்பார் அந்தப் பேலட்டை விட மாட்டேன் என்றார், தானே தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவை ஒட்டிய நடையில் போட்டார். அங்கே வேறு யாராவது உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார், சோறு போடும்போது இன்னும் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் இல்லை என்றார். சாளைமீன் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டார். கட்டிலில் பாய் விரித்திருந்தும், ஆறு வருஷமாக இதிலேயே படுத்துப் பழகிவிட்டது என்று பேலட்டில் துண்டை விரித்துப் படுத்தார். நான் கொல்லையில் பாத்திரம் கழுவிவிட்டு வருவதற்குள் நடை காலியாக இருந்தது. பேலட்டும் இல்லை, அவரும் இல்லை.

எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். மாரி வாசலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், ஈ மொய்க்காமல் இருக்க அவள் மேலே ஒரு புடவையைப் போர்த்தியிருந்தாள்.

அடுத்த நாளும் அப்படித்தான், கையில் டம்ளரோடு போனார். அதற்கடுத்த நாள் நான் பேலட்டைக் கதவோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன், கயிறு இங்கே கிடந்தது, பேலட்டும் கஸ்பாரும் அங்கே கிடந்தார்கள். தெரு இதற்கும் பழகிவிட்டது, மூன்று மணிக்கு அண்ணன் வந்தாச்சா என்று மாரியிடம் கேட்டுக்கொண்டு போனார்கள். இது ஏன் அங்கேயே போகிறது என்று கஸ்பார் கேட்டபோது, வழி தவறிப் போகிறது என்று சொன்னேன். தினமும் மத்தியானம் என் புருஷன் அவள் வாசலில் கண் விழிக்க, நான் ஒன்பது வீடு நடந்துபோய் எழுப்பிக் கூட்டிவந்தேன். இப்படியே விட்டால் ஒரு நாள் அவர் எழுந்து என்னோடு வருவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிப்பார் என்று எனக்குப் பயம் வந்தது.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் கோயில் புடவையோடு, ஆணி பிடுங்குகிற சுத்தியலை எடுத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்து முதல் பலகையை நெம்பினேன். கஸ்பார் பதறிப்போய் என் கையைப் பிடித்தார்.

"என்னயக் கொண்டாந்தத ஏம்ளா ஒடைக்க?"

"இது நான் அடிச்சது இல்ல" என்றேன். "மாரி அடிச்சது. நட்சத்திரம் மட்டுந்தான் என்னோடது, அதுவும் அவ வட்டத்த அழிச்சிட்டுப் போட்டது. அவ கையிதான் ஒங்களக் கொண்டாந்துச்சு. அதான் அங்கயே போவுது."

அவர் கையை விட்டார். "அப்ப நீ அடிச்சது எது?" என்று கேட்டார்.

"நீங்க ஆறு வருஷமா ஏறி ஒக்காந்தியளே, அசையலன்னு சொன்னியளே, அதெல்லாம் நான் அடிச்சது."

எழுபத்தெட்டு ஆணியையும் பிடுங்கினேன். மாரியின் ஆணிகள் சுலபமாக வந்தன, ஆனாலும் ஒவ்வொன்றும் வெளியே வரும்போது என்னிடம் எதையோ கேட்கிற மாதிரி இருந்தது. பலகைகளைத் துடைத்து, கட்டைகளை வரிசையாக வைத்து, துப்பாக்கி இல்லாமல் அச்சு இல்லாமல், கண் அளவை வைத்து, புது ஆணியாக எழுபத்தெட்டையும் கையால் அடித்தேன். சத்தம் கேட்டு மாரி வந்து வாசலில் நின்றாள். இரண்டு பலகை முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே ஒவ்வோர் ஆணியாக எடுத்துக் கொடுத்தாள். அவள் கண்ணைத் திறந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அதை ஜூன் மாதம் முழுக்கக் கண்ணாடியில் நான் பார்த்திருக்கிறேன்.

மூலையைத் தூக்கிக் கீழே போட்டுப் பார்த்தேன், முனகவில்லை. பென்சிலை எடுத்து, எடுத்த கையை நிறுத்தாமல் நட்சத்திரத்தைப் போட்டேன். கஸ்பாரிடம் படுங்கள் என்றேன். அவர் படுத்தார்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன், எழுபது பேலட் அடித்தேன், மாரி அறுபதைத் தொட்டாள். சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு போக லோடு ஆட்டோ வந்தது, நான் நடந்து வந்தேன். மாரி வாசலைத் தாண்டும்போது பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், பார்த்தேன், அன்றைக்கு வந்தவற்றை எண்ணவும் செய்தேன், பதினான்கு. பிறகு ஒன்பது வீடு நடந்து என் வீட்டுக் கதவைத் தள்ளினேன். பேலட் நான் போட்ட இடத்தில் கிடந்தது, அதன்மேல் அவர் ஒரு காலைத் தொங்கவிட்டபடி தூங்கிக்கொண்டிருந்தார்.